கெட்டி ரத்தம்

செர்ரோ தெ பாஸ்கோ,
9 மார்ச் 1996

அன்புத் தங்கை நெலிதாவுக்கு,

இங்கே நான் சுகம். சுகமில்லாதவரை இந்தக் கடிதத்தோடு உன்னிடம் அனுப்பியிருக்கிறேன். கடல் ஈரத்தில் முட்டி வலிக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

உன் அத்தானுக்கு ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது. நூறு பங்கு ரத்தத்தில் எழுபத்து நாலு பங்கு சிவப்பணுவாம். ஆஸ்பத்திரியில் ஊசியில் இழுத்தபோது நானும் பார்த்தேன். ரத்தம் மாதிரியே இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் பாகு மாதிரி வந்தது. மலைக்காற்றில் மூச்சு போதாததால் உடம்பு ரத்தத்தைச் செய்துகொண்டே போகிறதாம், எங்கே நிறுத்துவதென்று தெரியாமல். இரண்டு தடவை கையைக் குத்தி வெளியே எடுத்துவிட்டார்கள். ஆறு வாரத்தில் பழையபடி ஊறிவிட்டது. உதடு நீலம், கண் சிவப்பு, நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "கீழ இறங்கிப் போனா பொழச்சுக்குவீங்க. இங்கயே இருந்தா ஒரு நாள் காலையில எந்திரிக்க மாட்டீங்க."

கடலோரத்தில் நமக்கு உன் வீட்டை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? மகன் வில்மர் இருக்கும் ஊரும் மலைதான். நான் கூட வர முடியாது. சந்தையில் என் சூப்புக் கடையை ஒரு மாதம் பூட்டினால் அந்த இடத்துக்கு வேறொருத்தி அடுப்போடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஒரே வீட்ல இருக்கீங்க, ஒங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் வரல?" என்று நர்ஸ் என்னைக் கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பொம்பளைங்கள மலை அவ்வளவா தொடுறதில்ல" என்றார். நான் இவரைப் பார்த்துச் சொன்னேன்: "கேட்டீங்களா, ஒங்கள வேணாம்னுட்டு மலை என்னைய வெச்சுக்கிச்சு." அவருக்குச் சிரிக்கக்கூட மூச்சில்லை.

உப்பைக் குறைத்துப் போடு. சாராயம் கூடாது. படுக்கையைப் பின்பக்க அறையில் போடு. அந்த அறைக் கதவு சரியாகச் சாத்துமா?

உங்கள் இருவரையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும். அவள் அசந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா,
எர்மெலிந்தா


வாச்சோ,
27 மார்ச் 1996

என் பிரியமான அக்காவுக்கு,

நீ அனுப்பியவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். என் முட்டிக்கு ஒன்றுமில்லை, நீ எப்படி இருக்கிறாய்? அங்கே ஆலங்கட்டி விழுகிறதா?

அத்தானை பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அந்த உதட்டைப் பார்த்து நான் பயந்துபோனேன். மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்கு அவராகவே நடந்து வந்தார். உதடு மனிதர்களுடைய நிறத்துக்கு வந்திருந்தது. முட்டையோடு இரண்டு சாஸேஜ் சாப்பிட்டுவிட்டு, "நெலிதா, இங்க காத்தே கறிச்சோறு மாதிரி இருக்கு. மெல்லாமலே வயிறு நெறையுது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். அத்தான் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்குத் தெரியாது அக்கா.

தினமும் கடற்கரை வரை போய்வருகிறார். வரும்போது ரொட்டி வாங்கிவருகிறார். வீட்டில் ஒரு செருமல் சத்தம் கேட்டு ஆறு வருஷமாயிற்று. என் வீட்டுக்காரர் படகோடு போனதிலிருந்து தையல் மிஷின் சத்தம் மட்டும்தான். உனக்கு எழுதச் சொன்னால், "என் கையெழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும், நீயே எழுதிரு" என்கிறார்.

கதவு சரியாகச் சாத்தும்.

உன் கையை முத்தமிடும்,
நெலிதா


செர்ரோ தெ பாஸ்கோ,
21 ஏப்ரல் 1996

நெலிதாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாயிருப்பது உன் கடிதத்தில் நன்றாகத் தெரிந்தது.

அந்தக் கன்னக்குழி இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ புதிதாகக் கண்டுபிடித்து எனக்கு எழுத வேண்டியதில்லை.

கோழி கிளறினாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். அடுத்த தடவை அவர் கையால் நாலு வரி வரட்டும். அவருக்கு முடி யார் வெட்டுகிறார்கள்? இங்கே நான்தான் வெட்டுவேன். அங்கே நாவிதரிடம் போகச் சொல்.

பக்கத்துக் கடை ஒலிம்பியாவுக்கு என் வீட்டுக் கவலைதான் சாப்பாடு. "புருசன கடலுக்கு அனுப்பிட்டு எப்பிடித்தான் தூங்குறியோ?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாள். "கட்டில் முழுக்க எனக்கே எனக்குன்னு கெடக்கு. கைகால நீட்டித் தூங்குறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் தூக்கம் அவ்வளவாக இல்லை. காதில் சூப்பு கொதிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அடுப்பை அணைத்த பிறகும் கேட்கிறது. உனக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விட்டுவிடு.

நல்ல தண்ணீர் குடித்து உடம்பைப் பார்த்துக்கொள்.

எர்மெலிந்தா


வாச்சோ,
19 மே 1996

அக்காவுக்கு அன்பு முத்தங்கள்.

காது இரைச்சல் குறைந்ததா? அதை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே பனிமூட்டம் தொடங்கிவிட்டது, மற்றபடி இருவரும் நலம்.

அத்தானின் ரத்தம் ஐம்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. இங்கே உள்ள டாக்டருக்கே ஆச்சரியம். "மருந்தே வேணாம், கடல் மட்டம்தான் ஒங்களுக்கு மருந்து. ஆனா மறுபடி மேல ஏறினா மறுபடி ஊறிரும்" என்றார். கூரை ஒழுகிக்கொண்டிருந்ததை அத்தானே ஏறிச் சரிசெய்துவிட்டார். ஏணியில் அவர் ஏறியதைப் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன். கொண்டுவந்த கம்பளிச் சட்டைகள் இங்கே ஆகாது. அதனால் பருத்தியில் இரண்டு தைத்துக் கொடுத்தேன். துணி மிச்சம் கிடந்தது, வேறொன்றுமில்லை.

அக்கா, ஒன்று கேட்பேன், கோபப்படாதே. உனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? அம்மாவுக்கு அது நின்ற சமயத்தில்தான் தூக்கம் போயிற்று, முகமும் கறுத்தது. நினைவிருக்கிறதா?

அத்தான் நாலு வரி எழுதியிருக்கிறார், கீழே பார்.

நெலிதா

எர்மெலிந்தா, நான் நன்றாக இருக்கிறேன். மீன் நிறையச் சாப்பிடுகிறேன். கடையில் கனமான பானையை நீயே தூக்காதே. அபிலியோ.


செர்ரோ தெ பாஸ்கோ,
9 ஜூன் 1996

நெலிதாவுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. அளவுக்கு மேலேயே விசாரித்துவிட்டாய்.

எனக்கு எல்லாம் தேதி தவறாமல் நடக்கிறது. நீ மட்டும்தான் இளசு என்று நினைத்துக்கொள்ளாதே. பதினோரு வயது வித்தியாசத்தில் நான் ஒன்றும் உதிர்ந்துபோகவில்லை.

துணி மிச்சம் கிடந்தது என்று எழுதியிருந்தாய். ஆண்பிள்ளைச் சட்டைக்கு ஆகும் துணி ஆறு வருஷமாக மிச்சம் கிடந்ததாக்கும்.

கிழங்கு மாவு விற்கிற கவுதென்சியா இம்மாதக் கடைசியில் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறாள். அவளிடம் ஒரு பாலாடைக்கட்டி கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குக் கண் நல்ல கூர்மை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எர்மெலிந்தா


செர்ரோ தெ பாஸ்கோ,
7 ஜூலை 1996

நெலிதா,

கவுதென்சியா திரும்பி வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூட்டையை வீட்டில் போடக்கூடப் போகவில்லை, நேரே என் கடைக்கு வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

உங்கள் தெருமுனையில் மீன் விற்கிற பிரிமித்திவாவிடம் உன் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறாள்.

"நெலிதா வீடா? அந்தா நீலக் கதவு. வீட்டுக்காரரு இப்பத்தான் ரொட்டி வாங்கிட்டுப் போறாரு."

"வீட்டுக்காரரா? அவ புருசன்தான் செத்துட்டாரே!"

"அது பழைய கதைம்மா. மலையிலேருந்து ஒருத்தரு வந்துருக்காரு. தங்கமான மனுசன். அவளுக்கும் இப்பத்தான் மொகத்துல வெளிச்சம் வந்துருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கூடையோடு நீ வந்தாயாம். "நெலிதா, ஒன் வீட்டுக்காரரத் தேடி ஆள் வந்துருக்கு" என்று அந்த மீன்காரி உன் முகத்துக்கு நேரே சொன்னாளாம். நீ இல்லை என்று சொல்லவில்லை. குனிந்து மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தாயாம். நிமிர்ந்து கவுதென்சியாவைப் பார்த்த பிறகுதான் முகம் வெளுத்ததாம்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது ஒலிம்பியா தன் கடையில் கரண்டியைக்கூட அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சந்தை முழுக்கத் தெரியும். இன்றைக்கு மூன்று பேர் என்னிடம் சில்லறை வாங்கும்போது கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். உன் புண்ணியத்தில் என் ஊரில் நான் பாவப்பட்டவள் ஆகிவிட்டேன்.

உன்னை வசை பாட எனக்கு நிறைய வார்த்தை தெரியும். ஆனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். உன் தெருவில் அவர் உன் வீட்டுக்காரர் என்றால், நான் யார்?

நலம் விசாரிக்கவில்லை. முகத்தில் வெளிச்சம் வந்திருக்கிறவளிடம் என்ன விசாரிப்பது?

எர்மெலிந்தா


வாச்சோ,
11 ஆகஸ்ட் 1996

எர்மெலிந்தாவுக்கு அபிலியோ எழுதுவது.

நலம். நீ நலமா? கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீ என்ன எழுதினாய்? ஒரு கடிதம் வந்தது. நெலிதா அதை வாசித்தாள், அடுப்பில் போட்டாள். ஐந்து வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுத் தைக்கிற அறைக்குள் போய்விடுகிறாள். மீன்கடைக்கும் போவதில்லை. தினமும் உருளைக்கிழங்குதான். நான் ஏதாவது தப்புச் செய்தேனா? ரொட்டி வாங்கப் போவதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஊருக்குப் போகலாமா என்று இங்கே டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா போங்க, சவப்பெட்டிக்கு அளவு குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

இங்கே மூச்சு நன்றாக வருகிறது. அதை வைத்துக்கொண்டு பேசத்தான் ஆளில்லை. உன் வாய்த் துடுக்கு இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்றால் சிரிப்பாய். நீயாவது எழுது.

அபிலியோ


வாச்சோ,
25 ஆகஸ்ட் 1996

அக்காவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுத எனக்கு முகமில்லை.

ஏழு வாரம் உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். பலமுறை எழுதினேன், எல்லாம் பொய்யாக வந்தது. இது உண்மை.

ஏப்ரலில் ஒரு நாள் மீன் வாங்கப் போனேன். பிரிமித்திவா கத்தினாள்: "ஏ நெலிதா, கள்ளி, ஒரு வார்த்தை சொல்லலியே! எப்ப ஆச்சு?" எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், "அவரு எங்க அக்கா வீட்டுக்காரரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கூடையின் அடியிலிருந்து ஒரு மீனை எடுத்தாள். செவுள் சிவப்பாக, அன்றைக்குப் பிடித்தது. "வீட்ல ஆம்பள இருக்குல்ல, நல்லதா சமச்சுப் போடு" என்று என் கூடையில் வைத்தாள். ஆறு வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் எல்லோரும் வாங்கிப்போன பிறகு கிடக்கிற கடைசி மீன்தான் அக்கா. தனியாக இருக்கிறவளுக்கு அது போதும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் கிடைக்கும்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் கருவாட்டுக்காரி என்னை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். அதற்கு அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. என் விரல் நுனியைக்கூட அவர் தொட்டதில்லை. சாப்பிடும்போதெல்லாம், "எர்மெலிந்தா இதுல கொஞ்சம் மொளகா சேத்துப் போடுவா" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

சின்ன வயதில் உன் பாவாடை, உன் காலணி எல்லாம் உனக்குப் பற்றாமல் போன பிறகு எனக்கு வரும். வருவதற்கு முன்னாலேயே அதையெல்லாம் நீ இல்லாத நேரம் எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உனக்குத் தெரியாது. உன்னுடையது எதுவானாலும் எனக்கு என்னுடையதைவிட நன்றாகத்தான் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்காததற்குச் சொல்லவில்லை.

நெலிதா


செர்ரோ தெ பாஸ்கோ,
22 செப்டம்பர் 1996

நெலிதாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. சோற்றுக் கரண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, இந்த ஜென்மத்தில் உனக்குப் பதில் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

தலைநகரிலிருந்து ரத்தப் பரிசோதனை செய்ய ஒரு கூட்டம் வந்தது. இந்தத் தடவை பெண்களை மட்டும் பார்க்கிறார்களாம். ஒலிம்பியா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். யோலாந்தா என்று ஒரு சின்ன வயது டாக்டர். என் விரலைக் குத்தினாள், ரத்தம் எடுத்த குழாயை மிஷினில் சுற்றவிட்டாள், எண்ணைப் பார்த்தாள், மறுபடி குத்தினாள்.

"அம்மா, ஒங்களுக்கு அறுபத்தாறு இருக்கு."

"தப்பா இருக்கும். அது எங்க வீட்டுக்காரரு வியாதி. பொம்பளைங்களத் தொடாதுன்னு ஒங்க ஆளுதான் சொன்னாரு."

"தொடாதுதான். ஆனா எது வரைக்கும்? ஒங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னு எத்தன நாளாச்சு?"

பின்னால் வரிசையில் ஒலிம்பியா நின்றாள். நான் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருசம் ஆகப்போகுது" என்றேன்.

ஆமாம் நெலிதா. தேதி தவறாமல் நடக்கிறது என்று உனக்கு எழுதியது பொய். நீ கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அங்கே உன் வீட்டில் இருக்கிறார், உனக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு அது நின்றுவிட்டது என்று என் கையாலேயே எப்படி எழுதுவேன்?

அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "பொம்பள ஒடம்புல ஊறுற ஹார்மோன் பிள்ளை பெத்துக்க மட்டும் இல்லம்மா. இந்த ஒயரத்துல எலும்புக்குள்ள ரத்தம் தாறுமாறா ஊறாம அது ஒரு கடிவாளம் போட்டு வெச்சிருக்கு. மூச்சையும் நல்லா இழுத்துவிட வெக்குது. மாசாமாசம் கொஞ்சம் ரத்தம் வெளிய போறதும் ஒதவியா இருக்கலாம். அம்பது வயசுல அது வத்திப்போனா கடிவாளம் அவுந்துரும். அதுக்கப்புறம் மலைக்கு நீங்களும் ஒண்ணுதான், ஒங்க வீட்டுக்காரரும் ஒண்ணுதான். அப்படித்தான் எங்களுக்குத் தோணுது, அதத்தான் இப்ப எண்ணிப் பாத்துட்டு இருக்கோம்."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். தூக்கம் வருகிறதா, காதில் இரைச்சல் உண்டா, முகம் கறுத்திருக்கிறதா, உள்ளங்கை எரிகிறதா, தலை இடிக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். "இத்தன நாளா ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்றாள். என்ன சொல்வேன்? அதெல்லாம் உன்னால் வந்தது என்று நினைத்திருந்தேன். கண்ணாடியில் என் கறுத்த உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமை இப்படித்தான் ஓர் ஆளைத் தின்னும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டே தூங்காமல் கிடந்தேன். அதில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு நீ என்று இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நானும் கீழே இறங்க வேண்டுமாம். எங்கே இறங்குவது? கடலோரத்தில் எனக்கு ஒரே ஒரு வீடுதான் தெரியும், அதன் கதவு நீலம். அந்தத் தெருவில் உன் விருந்தாளியாக, உன் 'வீட்டுக்காரருக்கு' மச்சினியாக வந்து நிற்க என்னால் முடியாது. இங்கேயே இருந்துகொள்கிறேன். அவரிடம் சொல்லாதே.

எர்மெலிந்தா


வாச்சோ,
1 அக்டோபர் 1996

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் உடம்பை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. எழுத்து கோணலாயிருந்தால் அதனால்தான்.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மீன்கடையில் நடந்ததையும் சேர்த்து. "அவளுக்கு அறுபத்தாறா?" என்று மட்டும் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

இன்று காலை மீன்கடைக்குப் போனேன். கூட்டமான நேரமாகப் பார்த்துத்தான் போனேன். "பிரிமித்திவா, எல்லாரும் கேட்டுக்குங்க. எங்க வீட்ல இருக்கறவரு என் புருசன் இல்ல. எங்க அக்கா புருசன். நீங்க சொன்னப்ப நான் இல்லன்னு சொல்லல. அது என் தப்பு. எங்க அக்கா வரப்போறா" என்றேன். பிரிமித்திவா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப நான் பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்த மீனெல்லாம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கருவாட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரு முழுக்க அந்தச் சிரிப்பு என் பின்னாலேயே வந்தது.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். நீ இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வரவேண்டாம், வீட்டுக்காரியாக வா. நான் அங்கே வருகிறேன். உன் கடையில் நான் உட்காருகிறேன், இடம் போகாது. அங்கே பிறந்தவள்தானே நான். உன் டாக்டர் சொன்ன கடிவாளம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை அக்கா. நம் மூன்று பேரில் இப்போது அந்த மலையில் இருக்கக்கூடியது நான் ஒருத்திதான், அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். பதில் எழுதாதே. பதில் வந்தால் மனம் மாறிவிடுவேன்.

நெலிதா


செர்ரோ தெ பாஸ்கோ,
10 நவம்பர் 1996

என் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். முதல் ஒரு வாரம் தலை பிளந்தது, வாந்தியும் வந்தது. இப்போது பானையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறேன். டாக்டர் யோலாந்தா வந்து பார்த்தாள். நாற்பத்தெட்டுதான். "இன்னும் பத்து வருசம் நீங்க பயப்பட வேண்டாம். மாசம் தவறுனா ஒடனே வந்து சொல்லுங்க" என்றாள். உன்னையும் விசாரித்தாள்.

நீ மூன்று நாள் என்னைப் பக்கத்தில் நிறுத்திச் சூப்பு வைக்கக் கற்றுக்கொடுத்தாய். ஆட்டுத்தலையை எப்படித் தீய்ப்பது, புதினா எப்போது போடுவது எல்லாம் சொன்னாய். வேறு எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் உன் சால்வையை என் தோளில் போட்டாய். அதற்கு இப்போது நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சுரங்கத்து ஆட்கள் காலையில் வந்து, "பழைய ஆச்சி கை வேற, ஒங்க கை வேற" என்கிறார்கள். ஆனால் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒலிம்பியா எல்லாவற்றையும் கேட்கிறாள், நான் ஒன்றையும் சொல்வதில்லை.

பின்கட்டுக் குழாய் சொட்டுவது நின்றதா? என் மிஷினுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் விடு, இல்லாவிட்டால் ஊசி முறியும். எதிர்வீட்டுக் கிளி இன்னும் கெட்ட வார்த்தை பேசுகிறதா? பிரிமித்திவா எப்படி இருக்கிறாள்? கருவாட்டுக்காரியின் கோபம் தணிந்ததா? பனிமூட்டம் விலகிவிட்டதா? கூரையில் மழை ஒழுகினால் கிழக்கு மூலையைப் பார்க்க வேண்டும். உன் ரத்தம் எவ்வளவு, உனக்குத் தூக்கம் வருகிறதா என்று எழுது.

உன் கையை முத்தமிடும்,
நெலிதா


வாச்சோ,
1 டிசம்பர் 1996

தங்கை நெலிதாவுக்கு,

நலம். பொய் இல்லை, உண்மையாகவே நலம். ஐம்பத்து மூன்று. தூங்குகிறேன். காதில் இப்போது கேட்பது கடல்தான் என்று முதல் வாரம் எனக்கு நம்பிக்கை வரவில்லை, வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். மாதம் தவறினால் எனக்கும் எழுது. மறைக்காதே, என்னைப் போல.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. மிஷினுக்கு எண்ணெய் விடுகிறேன். கிளி இன்னும் மோசமாகிவிட்டது. பிரிமித்திவா முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்ப நீங்கதான் அசலா?" என்றாள். "தொட்டுப் பாத்துக்க" என்றேன். நல்ல மீனாகத்தான் கொடுத்தாள். கருவாட்டுக்காரி என்னிடமும் பேசுவதில்லை, அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை போலிருக்கிறது, உனக்காக என் மேல் கோபம். பனி விலகிவிட்டது. கூரை ஒழுகவில்லை.

என் சூப்பை அவர்கள் வழித்துக் குடிப்பதாக எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷம் நான் நின்ற அடுப்பு அது. புதினாவைக் கடைசியில்தானே போடுகிறாய்? வேறு ஏதாவது சேர்க்கிறாயா? உண்மையைச் சொல். அவரை எனக்கு விட்டுவிட்டு நீ மலையை எடுத்துக்கொண்டாய் என்று சில நாள் தோன்றுகிறது. மலை என்னை வைத்துக்கொண்டது என்று பெருமை பேசிய வாய் இது. இப்போது என் இடத்தில் உன் கால் நிற்கிறது. பொறாமையெல்லாம் கெட்டி ரத்தத்தோடு இறங்கிவிடும் என்று நினைத்தேன். ரத்தம் இறங்கிவிட்டது. அது இறங்கவில்லை.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். முடித்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன். எழுந்து போய் வாசலில் நின்றார். நான் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். குழாயைக் கேட்டிருக்கிறாய், கிளியைக் கேட்டிருக்கிறாய், உன்னோடு பேசாத கருவாட்டுக்காரியைக்கூடக் கேட்டிருக்கிறாய். அந்த ஒரு பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. தவறிப்போய்க்கூட இல்லை. ஆகஸ்டில் நான் கேட்காததற்குப் பதில் சொல்லவில்லை என்று எழுதினாயே, அந்தப் பதில் எனக்கு இப்போது வந்து சேர்ந்தது.

அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு ஒரு நாள் மீனை வாங்கிக்கொண்டு வரும்போது, ஆறு வருஷம் இந்தத் தெருவில் நீ கடைசி மீனோடு நடந்து வந்ததை நினைத்தேன். வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

நீ கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன்: அவர் நன்றாக இருக்கிறார், நீ தைத்த சட்டையைத்தான் இன்றைக்குப் போட்டிருக்கிறார்.

இனி ஒவ்வொரு கடிதத்திலும் இப்படி ஒரு வரி இருக்கும். ஒரே ஒரு வரிதான் நெலிதா. அதற்கு மேல் தர என்னால் முடியாது.

அங்கே ஆலங்கட்டி மழை தொடங்கியிருக்கும். சால்வையைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொள்.

உன் அக்கா,
எர்மெலிந்தா